சட்டத்துக்கும் ஒரு கதவு எண் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அருங்காட்சியகங்களில் இருக்கும் பொருட்களையெல்லாம் போட்டோ எடுத்து, எண் போட்டு, கணினியில் ஏற்றுகிறார்கள் என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறேன். நல்ல காரியம், குறை கண்டுபிடிக்க வரவில்லை. ஆனால் அந்தப் பதிவில் ஒரு சாமான் மட்டும் எப்போதும் விட்டுப்போகிறது, விட்டுப்போனது என்பதே யாருக்கும் தெரிவதில்லை, என் கைக்கே அது வந்து சேர்ந்ததால் எழுதுகிறேன். ஓவியத்தைச் சுற்றி இருக்கிறதே சட்டம், பிரேம், அதைத்தான் சொல்கிறேன்.

குன்னூரில் பஸ் ஸ்டாண்டில் இருந்து மேலே ஏறுகிற வழியில் எங்கள் பிரேம் கடை. அப்பா போட்டது. சாமி படம், கல்யாண போட்டோ, காலமானவர் படம், எஸ்டேட் பங்களாக்களில் இருந்து வருகிற பழைய வேட்டைப் படங்கள், எல்லாவற்றுக்கும் இங்கேதான் சட்டம் போட்டார்கள். சட்டம் என்றால் மற்றவர்களுக்கு வக்கீல் ஞாபகம் வரும், எங்களுக்கு மரத்தூள்.

போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு நாள் ஒரு பையன் பழைய சட்டம் ஒன்றைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தான். அவன் அக்காவுக்குக் கல்யாணமாம், சீர் வரிசையில் வைக்க ஒரு கண்ணாடி வேண்டுமாம். "இதுல கண்ணாடி மட்டும் போட்டுக் குடுங்கண்ணா, காயலான் கடையில சும்மா கெடந்துச்சு" என்றான். வாங்கி மேஜையில் வைத்து ஈரத்தைத் துடைத்தேன். முகப்பு முழுக்க இலையும் பூவுமாக எழும்பி நிற்கிற வேலை, மேலே தங்க ரேக்கு ஒட்டியது, பல இடங்களில் உதிர்ந்து அடியில் இருக்கிற செம்மண் பூச்சு தெரிந்தது. பார்ப்பவர்கள் இதை மரத்தில் செதுக்கியது என்று நினைப்பார்கள். சாக் (வெள்ளைச் சுண்ணாம்பு) பொடி, வச்சிரப் பசை, குங்கிலியம், ஆளிவிதை எண்ணெய் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்தி எடுத்து மரச் சட்டத்தின் மேல் ஒட்டுகிற வேலை அது, 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் செய்த தங்கச் சட்டங்கள் நிறைய இப்படித்தான் இருக்கும்.

வலது கீழ் மூலையில் ஒரு இலை மட்டும் வேறு மாதிரி இருந்தது. மற்ற இலைகளில் ஏழு நரம்பு, இதில் ஐந்து. துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அந்த இலையைத் தேக்குத் துண்டில் செதுக்கியது என் அப்பா. அப்போது நான் சின்னப் பையன், பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். "ஏழு போட எடம் பத்தலடா, யாரு எண்ணப் போறாங்க" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சட்டத்தைத் திருப்பினால், பின்பக்கம் கீழ்க் கட்டையில் அவருடைய பென்சில் எழுத்து: 14.5.68, 22½ × 16¾, காடி 3 நூல், மூலை பசை. (எங்கள் தொழிலில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. காடி என்பது படம் உட்காருகிற பள்ளம்.) அதற்கு மேலே பாதி கிழிந்த காகித லேபிள், ராமபாணப் பூச்சி தின்றது போக லண்டன் என்கிற சொல்லும் ஏதோ ஒரு தெருப் பெயரின் வாலும் மிச்சம்.

இது அப்பாவிடம் அன்றைக்குப் பழுது பார்க்க வந்த, நீலகிரியில் இருக்கிற ஒரு சின்ன அருங்காட்சியகத்துச் சட்டம். பெயர் வேண்டாம், அங்கே யாரோடும் எனக்குப் பகை இல்லை. மறுநாள் காலையிலேயே போனேன். பதிவுகளைப் பார்த்துக்கொள்கிற தம்பி மரியாதையாக உட்காரச் சொல்லி, கணினியைத் திறந்து காட்டினார். ஓவியத்தின் எண், தலைப்பு, கான்வாஸில் எண்ணெய் வண்ணம், உயரம் 56.5 செ.மீ., அகலம் 42 செ.மீ., எந்த அறை, எந்தச் சுவர், நிலை நன்று. கடைசிக்கு முந்தின கட்டத்தில், சட்டம்: உண்டு.

சுவரில் போய்ப் பார்த்தோம். சட்டம் உண்டுதான். ஃபைபர் பீடிங்கில் செய்த, பளபளவென்று இருக்கிற புதுச் சட்டம்.

பதிவில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லையே, அதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. லண்டன் சட்டம் இருந்தபோதும் "உண்டு", அதைக் கழற்றிப் பின்னறையில் போட்டபோதும் "உண்டு", புதுசு வந்த பிறகும் "உண்டு", பழசு காயலான் கடைக்கு வண்டி ஏறிய அன்றைக்கும் அந்தக் கட்டம் அசையாமல் "உண்டு" என்றுதான் இருந்திருக்கும்.

எப்படிப் போனது என்று அங்கே இருந்த பழைய ஆள் ஒருவரும் நானும் பேசிப் பேசிக் கோத்தோம். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழையில் சுவர் ஓதம் ஏறி, படங்களை இறக்கியிருக்கிறார்கள். தங்கப் பூச்சு உதிருகிறது, தொட்டால் கையோடு வருகிறது, அதனால் பதினோரு படங்களையும் சட்டத்தில் இருந்து கழற்றி, சட்டங்களைத் தகரக் கூரை போட்ட பின்னறையில் அடுக்கினார்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அப்புறம் அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்கு அது பழைய மரச் சாமான். கழிவுப் பட்டியலில் ஒரே வரி: பழைய மரச் சட்டங்கள், ஒரு லாட். அந்தக் கட்டடத்தில் கால் ஆடுகிற நாற்காலிக்குக்கூட முதுகில் வெள்ளை பெயிண்டில் ஸ்டாக் நம்பர் எழுதியிருக்கிறது. அந்த நாற்காலியைக் கழிக்க வேண்டும் என்றால் ஃபைல் போட்டு, கையெழுத்து வாங்கி, மேலே அனுப்பி, ஆறு மாதம் ஆகும். சட்டத்துக்கு எண் இல்லை, அதனால் கேள்வியும் இல்லை.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பதினோரு புதுச் சட்டங்களும் என் கடையில் செய்தவை. நானே போய் அளவு எடுத்தேன். படங்கள் மேல்சட்டை இல்லாமல் சுவரில் சாய்ந்து நின்றன, பழைய சட்டம் எங்கே என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில் போட்டேன், பணம் வந்தது, அவ்வளவுதான். அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

என் அக்கா மகள் கீழே சமவெளியில் ஒரு ஊரில் இதே மாதிரி பதிவு வேலையில் ஒப்பந்தத்தில் இருக்கிறாள். அன்று ராத்திரியே அவளுக்குப் போன் போட்டேன். "மாமா, இங்கயும் அதேதான். ஒரு நம்பருக்கு ஒரு பொருள். சட்டத்தை எங்க எழுதறதுன்னு கேட்டா, ரிமார்க்ஸ்ல போடும்மாங்கறாங்க" என்றாள். ரிமார்க்ஸில் போட்டால் தேடினால் வராதா என்று கேட்டேன். "எதைத் தேடறது மாமா? ஒருத்தர் சட்டம்னு எழுதியிருக்காரு, ஒருத்தர் பிரேம், ஒருத்தர் ஃப்ரேம், ஒருத்தர் மர விளிம்புன்னு எழுதியிருக்காரு. எங்கிட்ட எத்தனை பிரேம் இருக்குன்னு கேட்டா என்னால சொல்ல முடியாது" என்றாள்.

அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி நிறையப் பேசினோம். நான் மரத்தில் இருந்து யோசிப்பேன், அவள் கணினியில் இருந்து யோசிப்பாள். கடைசியில் இரண்டு பேருக்கும் புரிகிற மாதிரி ஒன்று கிடைத்தது. சட்டம் வீடு, படம் குடித்தனக்காரர். குடித்தனக்காரருக்கு ஆதார் எண் இருக்கிறது, சரி. ஆனால் வீட்டுக்கும் கதவு எண் வேண்டுமா இல்லையா? குடித்தனக்காரர் காலி பண்ணிப் போனாலும் வீடு அங்கேதான் இருக்கும், வேறு ஒருவர் வருவார். யார் எந்த வீட்டில் எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை இருந்தார் என்பதை ஆதாரிலும் எழுத மாட்டோம், கதவிலும் எழுத மாட்டோம், அதற்கு வாடகை ஒப்பந்தம் என்று தனிக் காகிதம். கணினியிலும் அதேபோல மூன்று அட்டவணை போதும் என்கிறாள். படங்களுக்கு ஒன்று, சட்டங்களுக்கு ஒன்று, எது எதோடு எப்போது சேர்ந்திருந்தது என்பதற்கு ஒன்று. பெரிய மென்பொருள் இல்லாவிட்டால் எக்செல்லில் மூன்று தாளாகப் போடலாம்.

அந்த மூன்றாவது தாளில்தான் உயிர் இருக்கிறது. அப்பா தொட்ட சட்டத்துக்கு அப்படி ஒரு வரி இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எழுதிப் பார்த்தேன். ச-17, ஓவிய எண் இன்னது, சேர்ந்த தேதி 14.5.1968-க்கு முன்பு, கழற்றிய தேதி, கழற்றியவர், காரணம் ஓதத்தால் பூச்சு உதிர்கிறது, கழற்றிய பின் இருப்பிடம் பின்னறை, இடது சுவர். இந்த ஒரு வரி இருந்தால் கழிவுப் பட்டியல் தயாரிக்கிறவர் கை ஒரு நிமிஷம் நிற்கும். பின்னறையில் கிடப்பது மரச் சாமான் என்று அவர் நினைத்தாலும், எண் இருக்கிறதே, ஃபைல் போட வேண்டுமே என்ற சலிப்பாவது வரும். அந்தச் சலிப்பு போதும்.

இருப்பிடம் விஷயத்தில் ஒரு தொல்லை உண்டு என்று அக்கா மகளே ஒப்புக்கொள்கிறாள். படமும் சட்டமும் சேர்ந்து ஒரு சுவரில் இருந்து இன்னொரு சுவருக்குப் போனால், பதிவில் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். இரண்டு இடத்தில் மாற்று என்றால் மனிதர்கள் ஒரு இடத்தில்தான் மாற்றுவார்கள், அதிலும் சாயங்காலம் நாலரை மணிக்கு. ஆகவே சேர்ந்திருக்கும்போது படத்தை நகர்த்தினால் சட்டமும் தானாக நகர வேண்டும், பிரிந்த நாளில் இருந்து சட்டத்துக்குத் தனி இருப்பிடம் எழுதாமல் பதிவை மூட விடக் கூடாது. இந்த இரண்டையும் மென்பொருள் செய்கிறவர்களிடம் சொன்னால் பெரிய வேலை இல்லை என்பாள். டி.எம்.எஸ். என்று உலகத்துப் பெரிய அருங்காட்சியகங்கள் பல வைத்திருக்கிற மென்பொருளில் ஒரு பொருளுக்குக் கீழே அதன் உறுப்புகளைத் தனித்தனியே பதியலாம், இருப்பிடம் அந்த உறுப்போடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் படம் சுவரிலும் சட்டம் பட்டறையிலும் இருப்பதைக் காட்ட முடியும். நம் நாட்டில் மத்திய கலாச்சார அமைச்சகத்துக்காக புனேயில் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஜதன் என்ற மென்பொருள் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் சரி, என் கேள்வி மென்பொருளைப் பற்றியதே இல்லை. உள்ளே உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவரிடம், சட்டமும் ஒரு பொருள்தான், அதற்கும் ஒரு பதிவைத் திற என்று யாராவது சொன்னார்களா என்பதுதான் கேள்வி. பிரிட்டனில் உருவாக்கிய ஸ்பெக்ட்ரம் என்ற நடைமுறைத் தொகுப்பில், ஒரு அருங்காட்சியகம் கட்டாயம் பார்க்க வேண்டியவை என்று ஒன்பது வேலைகளை முதலில் வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்று பொருள் எங்கே இருக்கிறது, எங்கே நகர்ந்தது என்று எந்த நேரமும் சொல்ல முடிவது. சட்டத்தைப் பொருள் என்று எண்ணாதவரைக்கும் அது எங்கே என்று கேட்கவே தோன்றாது.

வெளிநாட்டில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு 1975-இல் ராபர்ட் லேமன் என்பவரின் சேகரிப்பு வந்து சேர்ந்தது. அதில் ஓவியங்களோடு படமே இல்லாத வெறும் சட்டங்களும் ஏராளம், ஒவ்வொன்றுக்கும் 1975.1 என்று ஆரம்பிக்கிற சொந்த எண். ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில், ஓவியர் வான்கோ 1887-இல் பழங்களை வரைந்த ஒரு படம் இருக்கிறது, அதன் சட்டத்துக்கும் அவரே மஞ்சள் வண்ணம் தீட்டியிருக்கிறார், அவர் கையால் தீட்டிய சட்டத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதைக் கழற்றிவிட்டு யாராவது ஃபைபர் பீடிங் போட்டு, "சட்டம்: உண்டு" என்று எழுதினால்? பாஸ்டனில் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் 1990 மார்ச் 18 அன்று போலீஸ் வேஷத்தில் வந்த இரண்டு பேர் 13 பொருட்களைத் திருடிப் போனார்கள், சில ஓவியங்களைச் சட்டத்தில் இருந்து அறுத்தே எடுத்தார்கள். இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே இன்றைக்கும் வெறும் சட்டங்கள் சுவரில் தொங்குகின்றன. அங்கே படம் போய்ச் சட்டம் மிஞ்சியது, இங்கே எங்களுக்குத் தலைகீழ்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் தஞ்சாவூர் ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணாம்புக் கலவையில் புடைப்பு வேலை செய்து, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டியது, அதைச் சட்டத்தில் வைத்துக் கண்ணாடியும் போட்டு ஆணி அடித்தால் அப்புறம் பிரிப்பதே ஆபத்து. அங்கே சட்டத்துக்குத் தனி எண் போட்டுத் தனிக் கதை எழுதுவது வீண், படத்தின் எண்ணுக்குப் பின்னால் அ, ஆ என்று உறுப்பாகப் போட்டால் போதும். அதேபோல நான் போன மாதம் ஒரு விளம்பர போஸ்டருக்குப் போட்டுக் கொடுத்த அலுமினியச் சட்டத்துக்கு எண் போட்டால் சிரிப்பார்கள், அதன் அளவை எழுதி இருப்பில் வைத்தால் போதும், அடுத்த கண்காட்சிக்கு வேறு படத்துக்கு ஆகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதே, படத்தோடு வந்த பழைய சட்டம், யாரோ நூறு வருஷம் முன்னால் அந்தப் படத்துக்கென்று செய்தது, கழற்றினால் கழலக் கூடியது, அதைத்தான் நான் கதவு எண் போடச் சொல்கிறேன். அதுதான் தொலைகிறது.

இதற்கு ஒரு எதிர்ப்பு வரும், அதை அந்த அருங்காட்சியகத் தம்பியே சொன்னார். "சார், பிரேமுக்கெல்லாம் நம்பர் போட்டா வருஷாந்தர சரிபார்ப்புல எண்ணிக்கை ஒரேயடியா ஏறிடும், ஆடிட்ல கேப்பாங்க, புதுசா இத்தனை பொருள் எப்படி வந்துச்சுன்னு." நியாயமான பயம். அக்செஷன் ரிஜிஸ்டர், அதாவது அருங்காட்சியகத்துக்குள் வந்த பொருட்களை எழுதி வைக்கிற ஏடு, சொத்துப் பத்திரம் மாதிரி, அதில் கண்டபடி வரி சேர்க்க முடியாது. அதற்குத்தான் சட்டங்களுக்கு வேறு வரிசை வைக்கச் சொல்கிறோம், ச-1, ச-2 என்று, ரிஜிஸ்டரைத் தொடாமல். சரிபார்ப்பில் படங்கள் தனியாக, சட்டங்கள் தனியாக எண்ணட்டும். ஏறினால் ஏறட்டுமே, இத்தனை நாள் இருந்ததை இன்றைக்குத்தான் எண்ணினோம் என்று சொல்வதில் என்ன வெட்கம்?

சட்டப்படியும் (இது வக்கீல் சட்டம்) இதை லேசாக விட முடியாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில், நூறு வருஷத்துக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள் என்ற விளக்கத்துக்குள் வரும். நூறு வருஷத்துச் சட்டம் கைவினை இல்லாமல் வேறு என்ன? அப்புறம் மரம். நம் மலைப் பக்கத்துப் பழைய சட்டங்களில் ஈட்டி மரம் உண்டு. ஈட்டி சேர்ந்த மரப் பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் சைட்டிஸ் என்ற, அழியும் ஆபத்தில் இருக்கிற மரம், விலங்குகளின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது, 2019-இல் செய்து முடித்த பொருட்கள் சின்ன அளவில் போவதற்குக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஒரு படம் வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போகிறது என்று வையுங்கள். கான்வாஸ் பற்றி எல்லா விவரமும் இருக்கும், சட்டம் என்ன மரம் என்று சுங்கத்தில் கேட்டால்? உண்டு என்று சொல்வதா?

லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் சட்டத்தைப் பிரிக்கும்போது முதலில் கிழிவது பின்பக்கக் காகிதம்தான், எவ்வளவு லேபிள்களை நானே தண்ணீர் தொட்டுச் சுரண்டிப் போட்டிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது. லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி 1600-இல் இருந்து 1950 வரை பிரிட்டனில் சட்டம் செய்தவர்களின் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. யார், எந்தத் தெருவில், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை கடை வைத்திருந்தார் என்று போட்டிருக்கிறார்கள். லேபிளில் முகவரி முழுசாக இருந்தால் இந்தச் சட்டம் எந்தப் பத்து வருஷத்தில் செய்தது என்று சொல்லிவிடலாம், அதை வைத்துப் படம் எப்போது இந்த மலைக்கு ஏறியிருக்கும் என்று யோசிக்கலாம். 1837-இல் லண்டனில் அச்சான நீலகிரிக் காட்சிப் படங்கள், அப்புறம் ஊட்டியில் பென் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் எடுத்த தோடர், படகர் புகைப்படங்கள், இவையெல்லாம் இன்னும் பங்களாக்களிலும் கிளப்புகளிலும் தொங்குகின்றன. படத்தின் முகத்தை ஆயிரம் பேர் போட்டோ எடுத்திருப்பார்கள், முதுகை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். பதிவு செய்கிறவர்கள் தயவு செய்து முதுகையும் எடுங்கள், நாலு மூலையையும் எடுங்கள். மூலை ஜாயிண்ட்டைப் பார்த்தாலே பிரித்துச் சேர்த்ததா இல்லையா என்று எங்கள் மாதிரி ஆட்கள் சொல்லிவிடுவோம்.

அளவு எழுதும்போது ஒரு எண் போதாது. வெளி அளவு, கண்ணுக்குத் தெரிகிற உள் அளவு, காடி அளவு என மூன்று வேண்டும், காடியின் ஆழமும் வேண்டும். காடி அளவு இருந்தால்தான் இந்தச் சட்டம் எந்தப் படத்துக்குப் பொருந்தும் என்று கணினியே தேடித் தரும், அக்கா மகளுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று, ஜோடி தொலைத்த சட்டங்களைச் சேர்த்து வைக்க இதுதான் வழி என்கிறாள். அப்பாவின் 22½-க்கு 16¾ காடி, படம் 56.5 செ.மீ.க்கு 42, கணக்குப் போட்டால் நாலு பக்கமும் கான்வாஸ் ஊதிச் சுருங்குவதற்குச் சுமார் ஒரு நூல் இடம் விட்டிருக்கிறது. நான் போட்ட ஃபைபர் சட்டத்தில் அந்த இடம் விடவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று, அருங்காட்சியகத்தில் உயரத்தை முதலில் எழுதுவார்கள், கடையில் பலர் அகலத்தை முதலில் சொல்வார்கள், எது எது என்று எழுதாவிட்டால் படுக்கைப் படம் நின்றுகொள்ளும்.

எண்ணை எங்கே எழுதுவது? முகப்பில் கூடவே கூடாது, செல்லோ டேப் ஒட்டினால் டேப்போடு தங்கமும் வரும். பின்பக்கம் கீழ்க் கட்டையில், எல்லாச் சட்டத்துக்கும் ஒரே இடத்தில். அருங்காட்சியகத்துக்காரர்கள் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து ஒரு பட்டை பூசி, காய்ந்ததும் அதன் மேல் மையில் எழுதி, மறுபடி ஒரு பூச்சு கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் அசிட்டோனில் துடைத்து எடுத்துவிடலாம். அது கிடைக்காவிட்டால் பருத்திக் கயிற்றில் ஒரு அட்டை கட்டினாலே போதும். மெல்லிய பென்சிலும் மோசமில்லை, அப்பாவுடையது ஐம்பது மழைக்கு மேல் தாங்கியிருக்கிறது.

சட்டத்தின் கதையை முடிக்கிறேன். அந்தப் பையனுக்குத் தேக்கு மாதிரி தெரிகிற பீடிங்கில் புதுக் கண்ணாடி ஒன்று செய்து கொடுத்து, பழசை நான் எடுத்துக்கொண்டேன். காசு வாங்கவில்லை, கல்யாணத்துக்குப் போய் பிரியாணியும் சாப்பிட்டேன். அருங்காட்சியகத்துக்குத் திரும்பக் கொடுத்துவிடலாம் என்று போனால் அங்கே ஒரு சிக்கல். எங்கள் ஏட்டில் இந்தப் பொருள் இருந்ததே இல்லையே, இல்லாத பொருளைத் திரும்பப் பெற்றதாக எப்படி எழுதுவது என்கிறார்கள். நன்கொடையாகப் புதிதாகச் சேர்க்கலாம், ஆனால் பொருளின் வகை என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஓவியம், சிற்பம், நாணயம், ஆயுதம் எல்லாம் இருக்கிறது, சட்டம் இல்லை. "இதர" என்று போடலாமா என்று தம்பி கேட்டார். வேண்டாம், வகை வருகிறவரை என்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மீதி பத்துச் சட்டங்கள் எங்கே என்று காயலான் கடையில் விசாரித்தேன், அந்தக் குளிர் காலத்திலேயே அடுப்புக்குப் போயிருக்கும் என்றார்கள்.

இப்போது அது கடையில் பீடிங் கட்டுகளுக்குப் பின்னால், தரையில் படாமல் இரண்டு கட்டை மேல் நிற்கிறது. அக்கா மகள் தீபாவளிக்கு வந்தபோது ஒரு அட்டையில் ச-1 என்று எழுதிக் கட்டிவிட்டுப் போனாள், எக்செல்லில் முதல் வரியும் போட்டுவிட்டாள், ஓவிய எண்ணோடு, ஐந்து நரம்பு இலையின் போட்டோவோடு. டூரிஸ்ட்டுகள் எட்டிப் பார்த்து என்ன விலை என்று கேட்கிறார்கள். விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அட்டையைக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பிரேம் கடைக்காரர் ஒருவர்,
குன்னூர், நீலகிரி.